காலமான கண்ணாடி நெகடிவ்

புகைப்படக் கண்ணாடி நெகடிவ் காலமாகி வெகுநாளாயிற்று. காவிரி டெல்டாப் பக்கம் அதற்குக் கருமாதிகூட யாரும் செய்யவில்லை. காயலான் கடைக்காரர் எடை போட்டுத் தூக்கிப் போனதோடு சரி.

அதைப் பரவலாக்கியது 1851இல் ஃப்ரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயரின் கைவண்ணம். தரங்கம்பாடிக்கு அது ஆறு வருஷம் பிந்திவிட்டது. 1620இல் டேன்ஸ்போர்க் கோட்டையை எழுப்பிய டேனிஷ்காரர்கள் 1845லேயே ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். டேனியர் காலத்துத் தரங்கம்பாடி என்று நாம் ரசிக்கும் கோட்டைப் படங்களில் இருப்பது அவர்கள் விட்டுப்போன ஊர்தான். 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தபின் வியாபாரமும் அந்தப் பக்கம் போய்விட்டது.

தஞ்சாவூருக்குக் கொடுப்பினை இருந்தது. 1858இல் அரசுப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் பெரிய கோயிலுக்கு வந்தார். அவர் கையில் இருந்தது மெழுகுக் காகித நெகடிவ். விமானத்தின் அடியைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டினார். நீளம் 19 அடிக்கு மேல். அரசாங்கம் கொஞ்ச நாளில் இதெல்லாம் வீண்செலவு என்று அவருடைய பதவியையே எடுத்துவிட்டது. நம் ஊர் நிர்வாகங்களுக்கு அந்தக் குணம் இன்னும் போகவில்லை.

1871இல் மேடாக்ஸ் என்ற மருத்துவர் உலர் கண்ணாடித் தகட்டுக்கு வழிகாட்டிய பிறகு வேலை எளிதானது, ஊருக்கு ஊர் ஸ்டூடியோ வந்தது. அந்தக் காலத்துத் தகடு ஒன்றை ஓரம் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். மாப்பிள்ளையின் வேட்டி கறுப்பு, தலைமயிர் வெள்ளை. மருந்து பூசிய பக்கம் மங்கல். கன்னத்தில் மெல்லிய பென்சில் கோடுகள், அம்மைத் தழும்பை மறைக்க டச்சிங் செய்தது. மூலையில் கீறிய ஓர் எண். விளிம்பில் நீலம் பாரித்த மினுமினுப்பு இருந்தால், ஈரக்காற்றில் வெள்ளி மேலே வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஃபிலிம் வந்ததும் தகடு ஓய்ந்தது. பல ஊர்களில் மருந்தைக் கழுவிவிட்டு, கண்ணாடியை மட்டும் படச் சட்டத்துக்குப் போட்டார்கள். பின்னால் ஃபிலிமுக்கும் அதே கதி, அதிலிருந்த வெள்ளிக்காக.

மிஞ்சியதைக் காப்பாற்றப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இறங்கியது. பிரிட்டிஷ் நூலகத்தின், அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்னுருவாக்கி எல்லோரும் பார்க்கக் கொடுத்தது. பெரிய காரியம். ஆனால் 2023 அக்டோபரில் அதே நூலகத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்து, அதன் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. ஸ்கேன் எடுத்தாயிற்றே என்று தகட்டைத் தூக்கிப் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தகடு போவதைவிடப் பெரிய நஷ்டம் ஸ்டூடியோ நோட்டு போவது. தகட்டு மூலையில் உள்ள எண்ணுக்கு எதிரே பெயரும் ஊரும் தேதியும் எழுதியிருப்பது அதில்தான். நோட்டு போனால், எவ்வளவு துல்லியமாக ஸ்கேன் செய்தாலும் கிடைப்பது யாரோ ஒரு மாப்பிள்ளைதான்.

மாயவரம்–தரங்கம்பாடி ரயில் 1926 முதல் 1986 வரை ஓடியது. தரங்கம்பாடி மாசிலாமணி நாதர் கோயில் மண்டபத்தைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. இவற்றை யாராவது படமெடுத்திருப்பார்கள். அந்த நெகடிவ் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கலாம். கழுவாதீர்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று உறைமேல் எழுதுங்கள். ஸ்கேன் அப்புறம் செய்துகொள்ளலாம்.