கோட்டிற்கு வெளியே நிற்போர்: அமெரிக்கச் சிறார் கால்பந்து வரலாற்றில் பெற்றோர்

பிள்ளை வளர்ப்பு பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் பாடத்தையும் மதிப்பெண்ணையும் பற்றியே பேசுகின்றோம். விளையாட்டுத் திடலில் பெற்றோர் எவ்வாறு நடந்துகொள்வது என்பதும் ஒரு பெரிய கேள்வியாகி, அதற்கென விதிகள் பிறந்த வரலாறு ஒன்று உண்டு. அதன் பெரும்பகுதி அமெரிக்காவில் நிகழ்ந்தது. நம் பிள்ளைகளும் கோடைக் காலப் பயிற்சி முகாம்களுக்குச் சீருடையணிந்து செல்லும் இக்காலத்தில் அதனை அறிந்துகொள்வது பொருத்தமாகும்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கர்களுக்குக் கால்பந்து அந்நிய ஆட்டமாகவே இருந்தது. அங்கே ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். நம் கால்பந்தை அவர்கள் 'சாக்கர்' என்பர். ஐரோப்பாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் குடியேறியோரே தத்தம் சங்கங்களில் அதனைப் பெரிதும் ஆடிவந்தனர். இந்நிலையில் 1964ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்தின் டாரன்ஸ் நகரில் இவ்வாட்டத்தின் மீது பற்றுக்கொண்ட சிலர் கூடி, அமெரிக்க இளையோர் சாக்கர் அமைப்பைத் தொடங்கினர். முதல் பருவத்தில் இருந்தவை 9 அணிகள் மட்டுமே.

இவ்வமைப்பின் சிறப்பு அதன் விதிகளில் உள்ளது. அணியில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையும், திறமை எத்தகையதாயினும், ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரமாவது ஆடியே ஆக வேண்டும். அணிகள் ஆண்டுதோறும் கலைக்கப்பட்டு, பலம் சமமாக இருக்கும்படி மீண்டும் அமைக்கப்படும். எனவே கெட்டிக்காரப் பிள்ளைகளை ஒரே அணியில் திரட்டிக்கொண்டு ஆண்டு முழுவதும் வென்றுகொண்டிருக்க ஒருவராலும் இயலாது. வெற்றி வேட்கை பிள்ளைகளை விடப் பெரியவர்களுக்கே மிகுதி என்பதை உணர்ந்தோர் வகுத்த விதிகளாகவே இவை நமக்குத் தோன்றுகின்றன. இதற்கு முந்திய உதாரணமும் அந்நாட்டில் இருந்தது. 1939இல் பென்சில்வேனியாவில் சிறுவர்களுக்கென 'லிட்டில் லீக்' பேஸ்பால் அமைப்பைத் தோற்றுவித்த கார்ல் ஸ்டோட்ஸ், அது வணிகமயமாவதைக் கண்டு மனம் வெதும்பி, 1950களின் நடுவில் தாம் தோற்றுவித்த அமைப்பை விட்டே வெளியேறினார்.

டாரன்ஸ் நகரில் தோன்றிய அமைப்பைத் தாங்கி நின்றவர்கள் ஊதியம் பெறாத பெற்றோர்களே. திடலில் கோடு போட்டவரும், விசில் ஊதியவரும், பயிற்சி அளித்தவரும், இடைவேளையில் ஆரஞ்சுச் சுளைகளை நறுக்கிக் கொடுத்தவரும் ஏதேனும் ஒரு பிள்ளையின் தாய் அல்லது தந்தை. 1971இல் பெண் பிள்ளைகளுக்கும் இவ்வமைப்பு வழி திறந்தது. 1996 அதிபர் தேர்தலில் 'சாக்கர் மாம்', அதாவது சாக்கர் தாய் என்ற சொல், ஒரு வாக்காளர் பிரிவையே குறிக்கும் பெயராகிவிட்டது. பிள்ளைகளை ஆட்டத்திற்கு அழைத்துச் சென்று திரும்பும் புறநகர்த் தாய்மார்கள் அத்துணை பெருகியிருந்தனர்! 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் உலகக் கோப்பை வென்ற அமெரிக்க மகளிர் அணியின் அலெக்ஸ் மார்கன் சிறுவயதில் ஆடியது இவ்வமைப்பில்தான். அவருடைய முதல் பயிற்றுநர்களுள் ஒருவர் அவரின் தந்தை. கட்டணம் வாங்கும் போட்டிக் கிளப்பில் அவர் சேர்ந்தது 14ஆம் வயதில்.

அந்தப் போட்டிக் கிளப்புகளே வரலாற்றின் மறுபக்கம். தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்த்தல், ஊதியம் பெறும் பயிற்றுநர், வெளியூர்ப் பயணம், இவற்றுக்கான பெருஞ்செலவு. செலவு செய்த தகப்பன் பலனை எதிர்பார்ப்பது இயல்புதானே. அவ்வெதிர்பார்ப்பு கோட்டோரத்தில் கூச்சலாக வெளிப்பட்டது. கால்பந்தோ இடையறாது ஓடும் ஆட்டம். பந்து காலுக்கு வந்த நொடியில் என்ன செய்வது என்பதைப் பிள்ளையே முடிவு செய்ய வேண்டும். அந்த நொடியில் பயிற்றுநர் 'அடி' என்கிறார், தந்தை 'கொடு' என்கிறார், தாய் 'ஓடு' என்கிறார். பத்து வயதுப் பிள்ளை யாருக்குக் கீழ்ப்படியும்?

1999 அக்டோபரில் ஓஹையோ மாநிலத்தின் வடபகுதியில் பெண் பிள்ளைகளுக்கான கால்பந்து லீக் ஒன்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை மௌன ஞாயிறாக அறிவித்தது. அன்று பெற்றோரும் பயிற்றுநரும் கோட்டோரத்தில் வாய் திறக்கலாகாது. 2000ஆம் ஆண்டில் புளோரிடாவின் ஜூப்பிட்டர் நகர விளையாட்டுச் சங்கம், நன்னடத்தைப் படிவத்தில் கையொப்பமிட்டால்தான் பிள்ளைகளைச் சேர்ப்போம் என்று பெற்றோருக்கு நிபந்தனை விதித்தது. இவையெல்லாம் மிகையானவை என நினைப்போர், அதே 2000 ஜூலையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ரெடிங் நகரில் நடந்ததை அறிய வேண்டும். அது கால்பந்தன்று, பனித்தளத்தில் ஆடும் ஹாக்கி. பயிற்சியில் சிறுவர்கள் முரட்டுத்தனமாக ஆடியது பற்றி இரு தந்தையர் சச்சரவிட்டனர். ஒருவர் மற்றவரை அடித்தே கொன்றுவிட்டார். அதனைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தனர். 2002இல் அவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

கூச்சல் திடலோடு முடிவதுமில்லை. அமெரிக்கப் பயிற்றுநர்கள் இருவர், கல்லூரி விளையாட்டு வீரர்களிடம் சிறுவயது ஆட்டங்களின் மிகக் கசப்பான நினைவு எது என்று பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தனர். பெற்றோருடன் காரில் வீடு திரும்பிய நேரம் என்பதே பலரின் விடையாக இருந்தது. தோல்வியைப் பிள்ளை மறக்க முயலும் வேளையில், தந்தை தவறுகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்குவார். ஆட்டம் பார்க்க வந்ததே மகிழ்ச்சி என்ற ஒரு வார்த்தையைத்தான் அப்பிள்ளைகள் விரும்பியிருந்தனர்.

கடல் கடந்தும் இப்பிரச்சினை எழுந்தது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2008இல் 'மரியாதை' என்னும் இயக்கத்தைத் தொடங்கி, பெற்றோர் நிற்பதற்கென எல்லையிட்ட இடத்தை ஏற்படுத்தியது. நார்வே அதற்கும் முன்னதாகவே, 1987இல், சிறார் விளையாட்டுக்கெனத் தனி விதிகளை வகுத்து, 2007இல் திருத்தியமைத்தது. அதன்படி 11 வயதிற்கு முன் வெற்றி தோல்விப் பட்டியலோ தரவரிசையோ வெளியிடலாகாது. 13 வயதிற்குட்பட்டோருக்குத் தேசிய சாம்பியன் போட்டியும் இல்லை. போட்டியின்றி வளரும் பிள்ளை பின்னர் எதற்கும் உதவாது என்ற அச்சத்திற்கு அந்நாட்டிலேயே விடை கிடைத்தது. 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் சிறிய நாடான நார்வே 39 பதக்கங்களுடன் முதலிடம் பெற்றது. அந்நாட்டின் பிரைன் எனும் சிற்றூரில் ஏறத்தாழ 40 பிள்ளைகள், திறமை பார்த்துப் பிரிக்கப்படாமல், பல ஆண்டுகள் ஒரே குழுவாகப் பயிற்சி பெற்றனர். 2022-23 பருவத்தில் இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 36 கோல்கள் அடித்த எர்லிங் ஹாலண்ட் அவர்களுள் ஒருவர். எஞ்சியோரில் பெரும்பாலோர் தொழில்முறை வீரர்களாகவில்லை. ஆயினும் அக்குழுவினர் 16 வயது வரை ஆட்டத்தை விட்டு விலகாமல் ஒன்றாகவே ஆடினர் என்பதையே அவர்தம் பயிற்றுநர் பெரிதாகக் குறிப்பிட்டு வந்துள்ளார்.