கல்லாவுக்கு வெளியே நின்று எழுதியவர்கள்

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை விளம்பரத் தொழில் என்பது பத்திரிகையில் இடம் விற்கும் தொழில்தான். 1840களில் பிலடெல்ஃபியாவில் வோல்னி பாமர் தொடங்கிவைத்த முகவர் முறையில் இடத்துக்குத்தான் கமிஷன். அதில் என்ன அச்சாக வேண்டும் என்பதைக் கடைக்காரரே எழுதிக் கொடுத்துவிடுவார். புதுச் சரக்கு வந்திருக்கிறது, விலை சகாயம், ஆதரவு தாருங்கள் என்று ஊருக்கு ஊர் ஒரே பாட்டு. காசு கொடுத்து இடம் வாங்கியவர், தன் கடையை அடுத்த கடையிலிருந்து பிரித்துக் காட்டும் ஒரு வரியைக்கூட அதில் எழுதவில்லை. விளம்பரம் எழுதுவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் அங்கேதான் நுழைந்தார்கள். அவர்களால் சிறு வியாபாரிக்குக் கிடைத்த பெரிய லாபம் நல்ல நடை என்று சொல்வது போதாது. வாங்க வருபவரின் கண்ணோடு கடையைப் பார்க்க ஓர் ஆள் கிடைத்தார் என்பதே முக்கியம்.

1880இல் ஜான் வானமேக்கர் தன் பிலடெல்ஃபியா கடைக்கு ஜான் ஈ. பவர்ஸை விளம்பரம் எழுதவே அமர்த்தினார். பவர்ஸ் சரக்கைப் பற்றித் துருவிக் கேட்பார். கிடைத்த பதிலை அலங்காரமில்லாமல் பேச்சு நடையில் எழுதுவார். நைந்துபோன மழைக்கோட்டுகளைத் தள்ளிவிட வேண்டும் என்று ஒரு பிரிவின் பொறுப்பாளர் ரகசியமாகச் சொன்னதை அவர் அப்படியே அச்சிட்டார், நண்பகலுக்குள் எல்லாம் விற்றுப்போயின என்று அந்தத் தொழிலில் வழிவழியாக ஒரு கதை உண்டு. அதில் மிகை கலந்திருக்கலாம். ஆனால் விளம்பரத்தில் சொல்ல முடியாத உண்மை இருந்தால் முதலில் சரக்கைத் திருத்த வேண்டும் என்பது பவர்ஸின் கொள்கை. முதலாளிக்கு இது எளிதில் செரிக்கக்கூடியதல்ல. வானமேக்கர் அவரை இரண்டு முறை வேலையிலிருந்து நீக்கினார்.

தன் சரக்கை முதலாளியை விட அறிந்தவர் யார் என்று கேட்கலாம். அந்த அறிவேதான் பல நேரம் அவர் கண்ணை மறைக்கிறது. விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ் 1927இல் வெளிவந்த தன் சுயசரிதையில் ஷ்லிட்ஸ் மதுபான ஆலையைச் சுற்றிப் பார்த்ததைச் சொல்கிறார். வடிகட்டிய காற்று நிரம்பிய அறைகளும் பாட்டில்களைத் திரும்பத் திரும்பக் கழுவும் முறையும் அவரை வியக்கவைத்தன. எல்லா ஆலையிலும் இதுதானே நடக்கிறது, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றார்கள் ஆலைக்காரர்கள். குடிப்பவருக்கோ அது புதுச் செய்தி. ஹாப்கின்ஸ் அதையே எழுதினார். விற்பனையில் ஐந்தாம் இடத்தில் கிடந்த ஷ்லிட்ஸ் சில மாதங்களில் முதலிடத்தை நெருங்கியது என்கிறார். ஷ்லிட்ஸ் பெரிய ஆலை. தினமும் அதே தட்டியைத் திறந்து அதே சரக்கை எடுத்து வைக்கும் சிறு கடைக்காரருக்கு இந்தப் பார்வைக் குறை இன்னும் அதிகம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறு. கைதேர்ந்த எழுத்து பொய்யையும் விற்கும். அதே ஹாப்கின்ஸ் லிக்கோசோன் என்ற மருந்தையும் விற்றுக் கொடுத்தார். 1905இல் காலியர்ஸ் இதழில் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் அம்பலப்படுத்திய போலி மருந்துகளில் அதுவும் ஒன்று. மறுஆண்டே உணவு, மருந்துத் தூய்மைச் சட்டம் வந்தது. இந்தக் குற்றத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் ஊராக விற்றுவிட்டு நகரும் போலி மருந்துக்கு வசதியான பொய், வாடிக்கையாளர் முகத்தில் தினமும் விழிக்க வேண்டிய தெருக்கடைக்குக் கட்டுப்படியாகாது. எழுத்தாளரிடம் அது கேட்க வேண்டியது பவர்ஸின் நேர்மையைத்தான்.

செலவு தாங்குமா என்பது நியாயமான கேள்வி. வானமேக்கர் கடையை விட்டபின் பவர்ஸ் நாளொன்றுக்கு 100 டாலர் வாங்கினார். சிறு கடைக்கு அது எட்டாக் கனி. என்றாலும் 1890களில் சில்லறைக் கடைகளுக்கு எழுதித் தருவதையே தொழிலாகக் கொண்டவர்கள் பெருகினார்கள். நியூயார்க்கில் சார்ல்ஸ் ஆஸ்டின் பேட்ஸ் அவர்களில் பெயர்பெற்றவர். இலினாய் மாநிலத்தின் கேல்ஸ்பர்க் என்ற சிற்றூரில் எர்னஸ்ட் எல்மோ கால்கின்ஸ், உள்ளூர் இரும்புச் சாமான் கடை ஒன்றுக்காகத் தரைவிரிப்பு துடைக்கும் பிஸ்ஸல் கருவியைக் கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கச் சொல்லி எழுதினார். ஒரு விளம்பரப் போட்டியில் அது பரிசு வென்றது. நடுவராக இருந்த பேட்ஸ் பின்னர் அவரைத் தன்னிடமே வேலைக்கு அழைத்துக்கொண்டார்.