பேட்டில்ஸ்டார் கேலக்டிகா: இறுதிப் பகுதி எழுப்பிய விவாதம்

பேட்டில்ஸ்டார் கேலக்டிகா என்ற அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரின் கடைசிப் பகுதி 2009 மார்ச் 20 அன்று ஒளிபரப்பானது. ‘டேபிரேக்’, அதாவது விடியல், என்பது அதன் பெயர். மூன்று நாட்களுக்கு முன் நியூயார்க்கில் உள்ள ஐக்கிய நாடுகள் சபைத் தலைமையகத்தில் இந்தத் தொடரை முன்வைத்து மனித உரிமை, பயங்கரவாதம் ஆகியவை பற்றி ஒரு கலந்துரையாடலே நடந்திருந்தது. அதை நடத்தியவர் நடிகை ஊப்பி கோல்ட்பர்க். நடிகர்களும் கதாசிரியர்களும் ஐ.நா. அதிகாரிகளுடன் ஒரே மேசையில் அமர்ந்தனர். ஓர் அறிவியல் புனைவுத் தொடருக்கு இத்தகைய மரியாதை கிடைப்பது அரிது. அந்த வாரம் முடிவதற்குள் அதே தொடரின் ரசிகர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்துவிட்டார்கள். நெஞ்சைத் தொடும் விடைபெறல் என்றது ஓர் அணி. நான்கு பருவம் காத்திருந்தவர்களை ஏமாற்றிய முடிவு என்றது மற்றொன்று. அந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை.

பழைய தொடரும் புதிய தொடரும்

கதையின் மூலவடிவம் 1978 செப்டம்பரில் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. உருவாக்கியவர் கிளென் லார்சன். பன்னிரண்டு குடியேற்றங்களில் வாழ்ந்த மனிதகுலம் சைலான்கள் என்ற இயந்திரப் படையால் அழிக்கப்படுகிறது. தப்பியவர்கள் கேலக்டிகா என்ற போர்க்கப்பலின் பாதுகாப்பில், பூமி என்ற தொலைந்துபோன உலகைத் தேடிப் பயணம் செய்கிறார்கள். ஒரே பருவத்தில் அந்தத் தொடர் நிறுத்தப்பட்டது.

லார்சன் மார்மன் சமயத்தைச் சேர்ந்தவர் என்பது இங்கே முக்கியம். மனிதர்களின் ஆதி உலகத்துக்கு அவர் வைத்த பெயர் கோபோல். மார்மன் நூல்களில் இறைவனுக்கு அருகில் உள்ளதாகச் சொல்லப்படும் கோலோப் என்ற பெயரின் திரிபு அது. பழைய தொடரில் ஒளியுருவங்களான தேவதைகள் வருகிறார்கள். இறந்துபோன அப்பல்லோ என்ற விமானி அவர்களால் உயிர்பெற்றும் எழுகிறான். 2009இல் கடவுள் திடீரென்று நுழைந்துவிட்டார் என்று கோபப்பட்டவர்களில் பலர் இதை மறந்துவிட்டார்கள்.

புதிய வடிவத்தை 2003இல் எழுதியவர் ரொனால்ட் மூர். ஸ்டார் டிரெக் தொடர்களில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். அவற்றுள் ஒன்றான வாயேஜரில் ஒரு கப்பல் வீட்டிலிருந்து எழுபதாயிரம் ஒளியாண்டு தொலைவில் தனியாகச் சிக்கிக்கொள்கிறது. ஆனாலும் அடுத்த வாரம் அது கீறல் இல்லாமல் பளபளக்கும். இந்தப் பொய் மூருக்குப் பிடிக்கவில்லை. சில வாரங்களிலேயே அங்கிருந்து விலகினார். தன் கையில் ஒரு தொடர் கிடைத்தபோது அதற்கு நேர்மாறாகச் செய்தார். வேற்றுக்கிரகவாசிகள் கிடையாது. அடிபட்ட கப்பல் அடிபட்டபடியே இருக்கும். தொலைபேசிக்குக் கம்பி உண்டு. குடிநீர் தீரும், எரிபொருள் தீரும், தோட்டா தீரும். அதிபரின் அறையில் ஒரு வெள்ளைப் பலகை; அதில் உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கை. ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் தொடங்கும் அது வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வரும். (இந்த உலகத்தில் காகிதங்களின் நான்கு மூலைகளும் வெட்டப்பட்டிருக்கும். அதற்கு மட்டும் கடைசிவரை யாரும் காரணம் சொல்லவில்லை. யாரும் கேட்டுச் சண்டை போடவும் இல்லை.)

முதல் சண்டை 2003 டிசம்பரில், குறுந்தொடர் வெளிவருவதற்கு முன்பே நடந்தது. பழைய தொடரில் ஆணாக இருந்த ஸ்டார்பக் என்ற விமானியை மூர் பெண்ணாக மாற்றியிருந்தார். பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். முதலில் அந்த வேடத்தில் நடித்த டர்க் பெனடிக்ட் கண்டித்துக் கட்டுரையே எழுதினார். கேட்டி சாக்காஃப் நடித்த புதிய ஸ்டார்பக்தான் பின்னர் தொடரின் உயிர்நாடியானாள். இறுதிப் பகுதி வெளியானபோது சண்டையின் மையத்தில் நின்றவளும் அவளே.

திட்டம் என்று ஒன்று இருந்ததா?

முதல் பருவங்களில் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் சில எழுத்துகள் திரையில் வரும். சைலான்கள் மனிதரால் உருவாக்கப்பட்டவை, அவை கலகம் செய்தன, மனித உருவம் பெற்றன என்று சொல்லிவிட்டு, அவற்றிடம் ஒரு திட்டம் இருக்கிறது என்று முடியும். ரசிகர்கள் அந்தக் கடைசி வரியை ஒரு வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு துப்பையும் சேகரித்து, திட்டம் என்னவாக இருக்கும் என்று ஆண்டுக்கணக்கில் கணக்குப் போட்டார்கள். அந்த வரி எழுதப்பட்டபோது எழுத்தாளர்களிடம் திட்டம் எதுவும் இல்லை என்பதை மூர் பின்னாளில் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

அவர் எழுதும் முறையே அப்படித்தான். 2007 மார்ச்சில் வந்த மூன்றாம் பருவ முடிவில், பாப் டிலனின் ஒரு பாடலைக் காற்றில் கேட்கும் நான்கு பேர் தாங்களே சைலான்கள் என்று உணர்கிறார்கள். சில வாரங்களுக்கு முன் வெடித்துச் சிதறிய ஸ்டார்பக், புத்தம்புதிய விமானத்தில் திரும்பி வருகிறாள். இரண்டும் மயிர்க்கூச்செறியும் காட்சிகள். ஆனால் காட்சியை முதலில் எழுதிவிட்டு விளக்கத்தைப் பிறகு தேடுவது கடன் வாங்கிச் செலவு செய்வது போன்றது. அந்தக் கடன் முழுவதும் கடைசிப் பகுதியின் தலையில் விழுந்தது.

இடையில் 2007 நவம்பரில் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி நூறு நாள் நீடித்தது. நான்காம் பருவத்தின் பாதியில், அணு ஆயுதங்களால் சாம்பலான ஒரு பூமியில் எல்லோரும் வந்து இறங்கும் காட்சி படமாகியிருந்தது. இதுவே கடைசியாகவும் இருக்கலாம் என்று நடிகர்கள் நினைத்திருந்தார்கள். அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சொல்லும் ரசிகர்கள் இன்றும் உண்டு. வேலைநிறுத்தம் முடிந்து இறுதிக் கதையை எழுத உட்கார்ந்தபோது மூருக்குச் சதி முடிச்சுகள் அவிழவில்லை. ஒருநாள் பலகையில், கதாபாத்திரங்கள்தான் முக்கியம் என்ற பொருளில் தன்னையே திட்டிக்கொள்ளும் ஒரு வரியை எழுதிவிட்டு, அவர்களை வைத்தே முடிவை அமைத்ததாக அவர் கூறியிருக்கிறார். இறுதிப் பகுதியின் வலிமை, பலவீனம் இரண்டும் அந்தப் பலகையில் இருக்கின்றன.

கடைசியில் நடந்தது

மனிதத் தந்தைக்கும் சைலான் தாய்க்கும் பிறந்த ஹேரா என்ற சிறுமியை மீட்க கேலக்டிகா கடைசிப் போருக்குச் செல்கிறது. தப்பிக்கும் நொடியில் ஸ்டார்பக் அந்தப் பாடலின் சுரங்களை எண்களாக்கி, தாவ வேண்டிய இடமாகக் கணினியில் தட்டுகிறாள். கப்பல் வந்து சேர்வது நம்முடைய பூமிக்கு. இன்றிலிருந்து 1,50,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஆப்பிரிக்கா. அங்கே மொழி இல்லாத ஆதி மனிதர்கள். வந்தவர்கள் கப்பல்கள் அனைத்தையும் சூரியனுக்குள் அனுப்பிவிட்டு, கையில் கிடைத்ததோடு நிலமெங்கும் பிரிந்து போகிறார்கள். அதிபர் ரோஸ்லின் புற்றுநோயால் இறக்கிறார். தளபதி அடாமா அவர் கல்லறை அருகே தனியாக உட்கார்ந்திருக்கிறார். லீ அடாமாவுடன் பேசிக்கொண்டிருந்த ஸ்டார்பக், அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் இல்லாமல் போகிறாள். இத்தனை காலம் சிலருக்கு மட்டும் தெரிந்த மாய உருவங்கள் இறைவனின் தூதர்கள் என்று தெரியவருகிறது. கடைசிக் காட்சி இன்றைய நியூயார்க். கடை வாசலில் பத்திரிகை படித்துக்கொண்டு மூரே நிற்கிறார்.

கடவுள் செய்தார் என்ற குற்றச்சாட்டு

பெரிய தாக்குதல் இதுதான். பண்டைய கிரேக்க நாடகத்தில் சிக்கல் முற்றியபின் ஒரு தெய்வத்தைப் பொறியில் கட்டி மேடையில் இறக்குவார்கள். அரிஸ்டாட்டில் காலத்திலேயே விமர்சனத்துக்கு உள்ளான உத்தி அது. நாவலாசிரியர் ஜார்ஜ் மார்ட்டினும், கடவுள் செய்தார் என்று கதையை முடிப்பது எழுத்தின் பாலபாடமே தெரியாத செயல் என்ற பொருளில் எழுதினார். பத்தாண்டு கழித்து அவருடைய கதையை ஒட்டிய ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் முடிவுக்கு என்ன வரவேற்பு கிடைத்தது என்பதை வாசகர்கள் அறிவார்கள். அந்த முடிவை எழுதியவர் அவர் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தக் குற்றச்சாட்டு தோன்றும் அளவுக்கு வலுவானதன்று. 2005இல் ஹியூகோ விருது பெற்ற ‘33’ என்ற முதல் பகுதியையே பார்க்கலாம். பால்ட்டார் என்ற விஞ்ஞானியின் துரோகத்தை அறிந்த ஒருவர் ஒரு பயணிகள் கப்பலில் இருக்கிறார். உன் பாவத்துக்கு இறைவனிடம் மன்னிப்புக் கேள் என்கிறது அவனுக்கு மட்டும் தெரியும் பெண்ணுருவம். அவன் மனம் வருந்திய அதே கணத்தில் அந்தக் கப்பலைச் சுட்டு வீழ்த்த அதிபர் ஆணையிடுகிறார். ரோஸ்லினின் நோய்கூடப் பழைய வேதச்சுருளில் முன்னரே சொல்லப்பட்டதாக வரும். அப்படியானால் கடவுள் முதல் வாரமே வந்துவிட்டார். பார்வையாளர்கள்தான் அவரை உருவகம் என்றோ, பால்ட்டாரின் மனநோய் என்றோ, மூளையில் பொருத்திய சில்லு என்றோ எண்ணி ஒதுக்கி வைத்தார்கள். அதற்கும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்குக் காட்டிய தொடர், அற்புதங்களுக்கும் ஒருநாள் கணக்குக் காட்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பே.

ஸ்டார்பக் விஷயத்தில் குறை சொன்னவர்கள் பக்கமே நியாயம் அதிகம். அவள் எரிந்த உடலைச் சிதைந்த பூமியில் அவளே கண்டெடுக்கிறாள். நான் யார் என்று ஒரு பருவம் முழுக்கக் கேட்கிறாள். அந்தக் கேள்வியைக் கேட்டவள் காற்றில் கரைவது விடை ஆகாது. வேண்டுமென்றே திறந்து விட்டோம் என்றார் மூர்.

அறிவியல் ஆட்சேபங்களில் ஒன்று சுவையானது. ஹேராவே ‘மைட்டோகாண்ட்ரிய ஏவாள்’ என்று கடைசிக் காட்சி சொல்கிறது. 1987இல் பெர்க்கிலி ஆய்வாளர்கள் மூவர் நேச்சர் இதழில் முன்வைத்த கருத்து, இன்று வாழும் அனைவரின் தாய்வழியும் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் சென்று சேர்கிறது என்பது. அவள் மனிதகுலத்தின் முதல் பெண் அல்லள். அவள் காலத்தில் பல பெண்கள் இருந்தார்கள், அவர்களின் மரபணுக்களும் வேறு வழிகளில் நம்மிடம் உண்டு. தொடர் இதைக் குழப்பிக்கொள்கிறது. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வருவது. ஹேராவின் தாயோ சைலான். அப்படியென்றால் நம் ஒவ்வொருவரின் உயிரணுவிலும் இருப்பது இயந்திரவழி வந்தது! இதைத் தொடர் சொல்லாமலே விட்டது, ரசிகர்கள் சொன்னார்கள்.

சூரியனுக்குள் சென்ற கப்பல்கள்

கடவுளைப் பற்றிய சத்தத்தில் அமுங்கிப்போன ஓர் ஆட்சேபமே மிகக் கனமானது என்பது இக்கட்டுரையின் கருத்து. நாற்பதாயிரத்துக்கும் குறைவான மக்கள். அவர்களில் நோயாளிகளும் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருப்பார்கள். மருந்து, அறுவைக் கூடம், நூலகம் எல்லாவற்றையும் எரித்துவிட்டு வெறும் நிலத்தில் இறங்குவது என்று முடிவாகிறது. லீ அடாமா முன்மொழிகிறான். ஒரு காட்சி மாறுவதற்குள் எல்லோருக்கும் சம்மதம். இவ்வளவு எளிதாக ஒப்புக்கொண்டது ஆச்சரியம் என்று வழக்கறிஞர் லாம்ப்கின் சொல்வதும், புதிதாகத் தொடங்கும் ஆசையைக் குறைவாக மதிப்பிடாதே என்று அடாமா பதில் சொல்வதும் அதே காட்சியில் இருக்கின்றன. எழுதியவர்களுக்கும் உறுத்தியிருக்கிறது.

இதே மக்கள்தான் 2006இல் ஒளிபரப்பான பகுதிகளில் புதிய கோளில் குடியேறலாமா என்ற ஒரே கேள்வியில் ஒரு தேர்தலையே புரட்டிப் போட்டார்கள். எரிபொருள் ஆலையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கருக்கலைப்புத் தடைக்காகப் பிளவுபட்டார்கள். ஆக்கிரமிப்பின் கீழ் வாழ்ந்தபோது தற்கொலைக் குண்டு நியாயமா என்று தங்களுக்குள் மோதிக்கொண்டார்கள்; ஈராக் போர் நடந்துகொண்டிருந்த நாட்களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வேறு எவரும் தொடத் துணியாத கேள்வி அது. இறுதிப் பகுதிக்கு இரண்டு மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு முன்புதான், சைலான் தொழில்நுட்பத்தைக் கப்பல்களில் பொருத்துவதை எதிர்த்துக் கேட்டா, சாரெக் இருவரும் ஆயுதக் கலகம் நடத்திச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஓர் இயந்திரத்தைச் சேர்ப்பதற்கே இரத்தம் சிந்திய சமூகம், இருப்பதையெல்லாம் துறப்பதற்கு ஒரு வாக்கெடுப்புக்கூட நடத்தவில்லை. ஐ.நா. சபைக்கு அழைத்துச் சென்ற அரசியல் அந்தக் கடைசி நாளில் தொடரிலிருந்து காணாமல் போயிற்று.

வரலாற்றுக் கணக்கும் இடிக்கிறது. வந்தவர்கள் தங்கள் சிறந்த பகுதியை, அதாவது மொழியை, ஆதிகுடிகளுக்குக் கொடுக்கப் போவதாகச் சொல்கிறார்கள். உழவு தெரிந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆனால் உலகில் வேளாண்மை தொடங்கியதற்கான சான்றுகள் ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு உட்பட்டவை. எழுத்து அதனினும் இளையது. இடைப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேலான ஆண்டுகளில் அவர்கள் கொண்டுவந்த விதையும் எழுத்தும் சுவடின்றி அழிந்தன என்றுதான் கொள்ள வேண்டும். மகிழ்ச்சியான முடிவாகக் காட்டப்படுவது, கணக்குப் பார்த்தால் ஒரு நாகரிகத்தின் மறைவு.

எதிரணியினர் இதற்குச் சொல்லும் பதில் பால்ட்டாரைப் பற்றியது. தன் உழவர் குலத்தை வெறுத்து, பேச்சு வழக்கைக்கூட மாற்றிக்கொண்டு நகரத்துக்கு ஓடியவன் அவன். புதிய நிலத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு உழவு தெரியும் என்று சொல்லி உடைந்து அழுகிறான். ஜேம்ஸ் காலிஸ் நடித்த அந்தச் சில நொடிகள் பொய்யில்லை. இறுதிப் பகுதியைத் திட்டியவர்களும் அதைத் திட்டவில்லை.

2009 அக்டோபரில் ‘தி பிளான்’ என்ற திரைப்படம் வட்டுகளில் வெளியானது. அடாமாவாக நடித்த எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் அதை இயக்கினார். சைலான்களின் திட்டம் என்ன என்பதற்கு அதில் விடை உண்டு: மனிதர்கள் அத்தனை பேரையும் கொல்வது, முதல் நாளிலேயே அது முழுதாக நிறைவேறாமல் போனதால், பிறகு நடந்ததெல்லாம் சமாளிப்பு. இரண்டாம் பருவத்தோடு அந்தப் படத்தின் கதை நின்றுவிடுவதால், ஸ்டார்பக் யார் என்ற கேள்விக்குள் அது போகவே இல்லை.