குரல்வளைப் பகுதி அறுவையில் குரலும் விழுங்கலும்: ஒரு வரலாற்று நோக்கு

'குரல்வளை' என்னும் பெயர் அவ்வுறுப்பின் ஒரு பணியையே சுட்டுகிறது. உணவும் நீரும் மூச்சுக்குழலுக்குள் நுழையாமல் காப்பதே பரிணாம நோக்கில் அதன் முதற்பணி. குரல் பின்னர் வாய்த்தது. அக்காவல் தவறுவதையே தமிழர் 'புரையேறுதல்' என்பர். யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையைத் தட்டி மறந்துவிடும் இச்சிறு நிகழ்வு, குரல்வளைப் புற்றுநோய்க்குப் பகுதி அறுவை செய்துகொண்டவர்க்கு உயிர்க்கேடாகலாம். இவ்வறுவையின் வரலாறு குரலைக் காக்கத் தொடங்கி, விழுங்கலே உண்மைச் சோதனை என்று கண்டுகொண்ட வரலாறு எனலாம்.

1873 டிசம்பர் 31 அன்று வியன்னாவில் தியோடர் பில்ரோத் புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுவதும் அகற்றினார். அவருடைய உதவியாளர் கார்ல் குசன்பவர் அந்நோயாளிக்காக அதிரும் நாக்குடைய செயற்கைக் குரல்வளை ஒன்றை அமைத்து, 1874இல் அதைப் பற்றி எழுதினார். குரலை மீட்பதற்கு அன்றே தரப்பட்ட முதன்மையை இக்கருவி காட்டும். பிற்காலத்தில் செம்மையுற்ற முழு அறுவையில் மூச்சுவழி கழுத்தின் முன்புறத் துளையோடு முடிந்துவிடுவதால், உணவுவழி தனியே பிரிந்துவிடும். பேச்சு போகும், புரையேறும் அச்சம் பெரிதும் நீங்கும்.

பகுதி அறுவை இக்கணக்கைத் தலைகீழாக்கியது. 1940களில் உருகுவே நாட்டின் ஹுஸ்டோ அலோன்சோ, குரல் நாண்களுக்கு மேலுள்ள பகுதியை மட்டும் நீக்கும் முறையை முன்வைத்தார். அமெரிக்காவில் ஜோசப் ஒகுரா அதனை வளர்த்தார். குரல் நாண்கள் எஞ்சுவதால் பேச்சு பெரும்பாலும் நிலைக்கிறது. ஆனால் குரல்வளை மூடியும் பொய்க் குரல் நாண்களும் போய்விடுவதால், மூன்றடுக்குக் காவலில் ஓரடுக்கே மிஞ்சுகிறது.

1959இல் மாயரும் ரீடரும் வெளியிட்டு, பின்னர்ப் பிரெஞ்சு மருத்துவர்கள் வளர்த்தெடுத்த முறை இதற்கு நேர்மாறானது. அதில் குரல் நாண்களே நீக்கப்படுகின்றன. கிரிக்காய்டு குருத்தெலும்பு மேலே இழுக்கப்பட்டு ஹையாய்டு எலும்போடு தைக்கப்படுகிறது. எஞ்சிய அரிட்டினாய்டு குருத்தெலும்பு முன்னோக்கிச் சாய்ந்து நாவடியைத் தொடும் இடமே புதிய குரல்வாய். அங்கு எழும் ஒலி கரகரப்பும் காற்றொழுக்கும் உடையது. எனினும் கேட்பவர்க்குப் புரியும். நிலையான கழுத்துத் துளையின்றி மூச்சுவிட இயல்வது இம்முறையின் பெரும்பேறு. ஓர் அரிட்டினாய்டாவது அசையாவிடில் பேச்சும் விழுங்கலும் ஒருசேரக் கெடும்.

அறுவைக்குப் பின் நோயாளி என்ன செய்ய வேண்டும் என்பது நெடுங்காலம் அவரவர் முயற்சிக்கே விடப்பட்டிருந்தது எனக் கருத இடமுண்டு. பேச்சு மருத்துவத் துறையினரான ஜெரி லோகமன், பேரியம் கலந்த உணவு இறங்குவதை ஊடுகதிர்ப் படக்காட்சியில் நோக்கும் முறையைப் பரவலாக்கினார். அவரது விழுங்கற் குறைபாட்டு நூல் 1983இல் வெளிவந்தது. குரல்வாய் மேல்நிலை விழுங்கல் என்னும் பயிற்சி எளியது: மூச்சிழுத்து அடக்கி, விழுங்கி, மீண்டும் மூச்சிழுக்குமுன் இருமி, மறுபடி விழுங்க வேண்டும். வரிசையே இங்கு உயிர்நாடி. நாண்களின்மேல் தங்கிய துணுக்கு இருமுமுன் இழுக்கும் மூச்சோடு நுரையீரலுக்குள் போய்விடும். வாரக்கணக்கில் மூக்குவழிக் குழாயால் உணவு பெற்றவர் முதற்கவளத்தை விழுங்குவது இத்தகைய பயிற்சியின் வழியேதான்.

1991இல் வெளியான அமெரிக்க முன்னாள் படைவீரர் ஆய்வு, 332 நோயாளிகளைக் கொண்டு, வேதிமருந்தும் கதிர்வீச்சும் பலரது குரல்வளையைக் காக்கும் எனக் காட்டியது. ஆயினும் உறுப்பு இருப்பதும் அது பணிசெய்வதும் வேறு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பகுதி அறுவை செய்வோர் இதனை முன்பே அறிந்திருந்தனர். அறுவைக்குத் தகுதியுடையாரைத் தேர்வதற்கு அவர்கள் கையாண்ட எளிய சோதனைகளுள் ஒன்று, மூச்சு வாங்காமல் இரண்டு மாடிப்படி ஏறச் சொல்வது. சிறிதளவு புரையேறினும் தாங்கும் நுரையீரல் அவர்க்கு உண்டா என்பதே அவர்கள் அறிய விரும்பியது.