படம் காக்கும் பெட்டகம்



கைபேசி வாங்கச் செல்பவர் கடைக்காரரிடம் கேட்கும் கேள்விகளுள் தலையாயது ஒன்று உண்டு. "படங்களும் வீடியோக்களும் வைத்துக்கொள்ள எத்தனை ஜிபி இருந்தால் போதும்?" என்பதே அது. 64 போதுமா, 128 வேண்டுமா, 256 வாங்கிவிட்டால் கவலை தீருமா எனத் தந்தையும் மகனும் வாதிடுவதை நாமக்கல் கடைத்தெருவிலும் கேட்கலாம். சேலத்துக் கடைத்தெருவிலும் கேட்கலாம். இதனை இன்றைய வாணிபத்தின் சிறு கேள்வி என்று தள்ளிவிடலாகாது. கண்ட காட்சியைக் காத்து வைக்க எவ்வளவு இடம் வேண்டும் என்பது மிகப் பழைய கேள்வி. அதற்குச் சேலம், நாமக்கல் சமவெளி காலந்தோறும் அளித்துள்ள விடைகளை முறையே எடுத்துக் கூறி, முடிவில் கைபேசிக் கணக்கையும் போட்டுக் காட்ட விழைகிறேன்.

முதலில் கல்லைக் காண்போம். நாமக்கல் நகரின் நடுவே ஏறத்தாழ 200 அடி உயரத்திற்கு ஒற்றைப் பாறை எழுந்து நிற்கிறது. அதன் மேற்புறத்தில் நரசிம்மருக்கும் கீழ்ப்புறத்தில் அரங்கநாதருக்குமாக இரண்டு குடைவரைக் கோயில்கள் உள்ளன. அரங்கநாதர் குடைவரையை அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று அங்குள்ள கல்வெட்டுக் குறிக்கிறது. அதியர் மரபினர் கி.பி. 8 ஆம் நூற்றாண்டை ஒட்டி இவற்றைக் குடைவித்தனர் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. உள்ளே உலகளந்த திருவிக்கிரமனும், நிலமகளை ஏந்திய வராகமும், இரணியனைப் பிளக்கும் நரசிம்மமும் பெருவடிவங்களாக நிற்கின்றன.

கல்லாகிய இந்தப் பெட்டகத்தின் கொள்ளளவு யாது? சில சுவர்களே, சில உருவங்களே. உளி ஒருமுறை தவறினால் அழித்து எழுத இயலாது. ஆதலின் எதைச் செதுக்குவது, எதை விடுப்பது என்ற முடிவைச் சிற்பி பாறையில் உளி வைக்கும் முன்னரே செய்தாக வேண்டும். கொள்ளளவு மிகச் சிறிது. ஆயினும் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக அப்பெட்டகம் தன்னிடம் ஒப்படைத்ததைக் காத்து வருகிறது.

அடுத்து, ஒளியே ஓவியனாகிய காலத்திற்கு வருவோம். 1839 இல் பிரான்சு நாட்டு தாகேர் என்பவரின் முறை உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அதன்பின் இருபது ஆண்டுகள் கழிவதற்குள் புகைப்படக் கருவி நம் வட்டாரத்திற்கு வந்து சேர்ந்தது. லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்துறை அதிகாரியைச் சென்னை மாகாண அரசாங்கம் 1856 இல் தன் புகைப்படக் கலைஞராக அமர்த்தியது. அவர் தென்னாட்டில் சுற்றி எடுத்த படங்கள் 1858 இல் தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றுள் ஒன்று, இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த இராயக்கோட்டையையும், அன்றைய சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டும் தொகுதி.

அவருடைய பெட்டகம் எது தெரியுமா? மாட்டுவண்டி! பெருந்தாள் ஒன்றில் மெழுகு ஏற்றி, வெள்ளி உப்பு பூசி, கருவியில் வைத்து ஒளிபடச் செய்து, பின்னர் அதை மருந்து நீரில் கழுவினால் கிடைப்பது ஒரே ஒரு படம். தாள்களையும் மருந்துக் குப்பிகளையும் கருவியையும் ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டிகள் கோடை வெயிலில் ஊர் ஊராகச் சென்றன. இத்தனை இடரிலும் அவர் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்துக் கல்வெட்டுகளைப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். கல் காத்த எழுத்தைத் தாளிலும் காக்க எழுந்த முயற்சி அது. பெருஞ்செலவு என்று கருதிய ஆளுநர் திரெவெலியன், 1860 அளவில் அப்பணியை முடிவுக்குக் கொண்டுவந்தார். ஆனால் அதற்குள் ஒவ்வொரு தொகுதியும் பல படிகளாக அச்சிடப்பட்டுப் பல இடங்களுக்குச் சென்றுவிட்டது. ஓரிடத்துப் படி செல்லரித்தாலும் மற்றோர் இடத்துப் படி தப்பியது. அதனாலேயே இலண்டன் நூலகத்திலும் பிற நாட்டுக் காப்பகங்களிலும் இன்றும் நாம் அவற்றைக் காண முடிகிறது. இச்செய்தியை மனத்திற் கொள்ளுங்கள்; பின்னர் நமக்குப் பயன்படும்.

1888 ஆம் ஆண்டு நமக்கு இரு வகையிற் குறிப்பிடத்தக்கது. நாமக்கல்லை அடுத்த மோகனூரில் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை பிறந்தது அவ்வாண்டில். கவிஞராகப் பெயர் பெறுமுன் அவர் தேர்ந்த ஓவியர். நாட்கணக்கில் அமர்ந்து தூரிகையால் ஓர் உருவத்தைத் தீட்டும் மரபினர். அதே 1888 இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடக் என்னும் கைக்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதனுள் இருந்த சுருளில் 100 படங்கள் எடுக்கலாம். படம் என்பது கலைஞரின் உழைப்பு என்றிருந்த நிலை மாறி, யாரும் விசையை அழுத்திப் பெறும் பொருள் என்றாகத் தொடங்கியது அப்போதுதான். பிற்காலத்து வீடுகளில் 36 படங்கள் கொண்ட சுருளே வழக்காயிற்று. திருமணம், காதுகுத்து, பொங்கல் என ஓராண்டின் நிகழ்ச்சிகளை அந்த 36 இல் அடக்கிய குடும்பங்கள் உண்டு.

இனி, அசையும் படங்களின் கதை. இதுவே நம் வட்டாரத்தின் பெருமையும் துயரமும் ஆகும். திருச்செங்கோட்டில் பிறந்த டி. ஆர். சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படப்பிடிப்பு நிலையத்தை 1930களில் நிறுவினார். 1937 இல் 'சதி அகல்யா' அதன் முதற் படமாக வந்தது. 1938 இல் மலையாளத்தின் முதற் பேசும் படமான 'பாலன்' அங்கிருந்தே வெளிவந்தது. 1956 இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழுக்கு முழுநீள வண்ணப் படத்தை அளித்தது. நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தந்த அந்நிலையம் இன்று இல்லை. சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் அதன் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. அவ்வழியே செல்லும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு கணக்கு எழும். அதை உங்கள் முன் வைக்கிறேன்.

திரைப்படச் சுருளில் ஓர் அடிக்கு 16 படங்கள். நொடிக்கு 24 படங்கள் ஓட வேண்டும். ஆகவே நிமிடத்திற்கு 90 அடி சுருள் தேவை. 15,000 அடிப் படம் என்றால் இரண்டேமுக்கால் மணி நேரம். அதில் 2,40,000 தனிப் படங்கள். அவற்றை வைக்கப் பதினைந்து தகரப் பெட்டிகள்! இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கச்சாச் சுருளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, படம் 11,000 அடிக்கு மேற்படலாகாது என்று அரசாங்கமே வரையறுத்தது. படைப்போர் வேண்டாத காட்சிகளைக் களைந்தே தீர வேண்டியதாயிற்று.

ஓடி முடித்த சுருள்களின் கதி என்ன? பழைய சுருள்கள் நைட்ரேட் என்னும் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனவை. குளிர்ந்த, உலர்ந்த அறை இல்லையேல் அவை ஒட்டிக்கொள்ளும்; பொடியாகும். வைத்திருக்க வாடகை; காவலுக்குக் கூலி. சுருளில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்க விற்றுவிட்டோரும் இந்நாட்டில் பலர். ஓடி முடிந்த படத்திற்கு இனி என்ன மதிப்பு என்று அன்று எண்ணினர். இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகம் புனே நகரில் தோன்றியது 1964 இல். 'பாலன்' வெளிவந்து 26 ஆண்டுகள் கழிந்த பின். சென்னையில் நடராச முதலியார் 1918 அளவில் எடுத்த 'கீசக வதம்' அழிந்தது. சேலம் தந்த 'பாலன்' முழுப் படமும் இன்று காணக் கிடைக்கவில்லை.

கைபேசியின் பெட்டகம் இதன்பின் வந்தது. 1969 இல் அமெரிக்க பெல் ஆய்வுக்கூடத்தில் போயிலும் ஸ்மித்தும் ஒளியை மின்னேற்றமாக மாற்றிச் சேர்க்கும் சில்லைக் கருதினர். 1975 இல் கோடக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் மின்னணுப் புகைப்படக் கருவியை உருவாக்கினார். அதன் படத்தில் 10,000 புள்ளிகளே. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 நொடிகள். ஒரு நாடாவுக்கு 30 படங்கள். இன்றைய கைபேசிப் படமொன்றில் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் இருப்பது சாதாரணம். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட் வேண்டும் எனில் ஒரு படத்திற்கு 36 மெகாபைட் ஆகும். ஆனால் அது 3 அல்லது 4 மெகாபைட்டில் அடங்கிவிடுகிறதே, எவ்வாறு? பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, நடராசன், ராவ் ஆகிய மூவர் 1974 இல் வெளியிட்ட கணித முறை இதற்கு அடிப்படை. கண் எளிதில் உணராத நுண்மைகளைக் கணக்கிட்டுக் குறைக்க அது வழி செய்தது. 1992 இல் வந்த ஜேபெக் என்னும் சுருக்க முறை அதன்மேல் எழுந்தது.

இப்போது கடைக்காரரிடம் கேட்ட கேள்விக்கு வருவோம். 128 ஜிகாபைட் கைபேசியில் இயக்க மென்பொருளும் செயலிகளும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பின் 80 மிஞ்சுவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 10 படங்கள், படம் 4 மெகாபைட் எனில், ஓராண்டிற்கு 14.6 ஜிகாபைட். ஐந்தாண்டுகளுக்கு மேல் கவலையில்லை! ஆனால் நாள்தோறும் இரண்டே நிமிடம் வீடியோ எடுத்தால்? சாதாரண முழுத் தெளிவில் நிமிடத்திற்குச் சுமார் 100 மெகாபைட். ஓராண்டிற்கு 73 ஜிகாபைட். அந்த 80 ஓராண்டைச் சற்றே தாண்டியதும் நிரம்பிவிடும். 4கே என்னும் நுண்தெளிவில் எடுத்தால், ஒரு மணி நேரத் திருமணக் காட்சிக்கே 10 முதல் 20 ஜிகாபைட் செல்லும். ஆகவே இடத்தை விழுங்குவது படம் அன்று, வீடியோவே. படம் மட்டும் எடுப்பவர்க்கு 128 போதும். வீடியோ மிகுதியாக எடுப்பவர்க்கு 256 வேண்டும். நுண்தெளிவு வீடியோவே தொழிலாக உடையவர்க்கு அதனினும் கூடுதல் வேண்டும். இதுவே என் விடை.

ஆனால் இவ்விடை பாதியே. மற்றொரு கணக்கைக் கேளுங்கள். இரண்டேமுக்கால் மணி நேரப் படம் ஒன்றை இன்று கைபேசித் தெளிவில் சேமித்தால் 16 அல்லது 17 ஜிகாபைட் ஆகும். மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த நூறு படங்களுக்கும் இரண்டு டெராபைட் போதும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு வன்தட்டில் அவை முழுவதும் வந்து அமர்ந்துவிடும். இடம் இருக்கிறது, 'பாலன்' இல்லை! பெட்டகம் பெருகிய காலத்தில் வைப்பதற்குரிய பொருள் அழிந்து போயிருக்கிறது. அந்நாளில் இரண்டாம் படி ஒன்று தக்க இடத்தில் தங்கியிருந்தால் இந்த இழப்பு நேர்ந்திராது. டிரைப்பின் படங்கள் தப்பியதும் பல படிகளாகப் பிரிந்ததால்தான் அன்றோ?

நாமக்கல்லிலிருந்து சரக்கு லாரி ஓட்டிச் செல்வோர் வாரக்கணக்கில் வடநாட்டுச் சாலைகளில் இருப்பர். குழந்தை முதலடி வைத்ததும், பாட்டி பேசிய கடைசிச் சொற்களும் அவர்க்கு அந்தக் கைபேசியில்தான் உள்ளன. அது ஒருநாள் நீரில் விழலாம், களவு போகலாம். 512 ஜிகாபைட் ஆயினும் ஒரு நொடியில் எல்லாம் போகும். இணையத்தில் வைக்கலாமே எனின், கூகுள் நிறுவனம் படங்களுக்கு வரம்பின்றி அளித்த இலவச இடமும் 2021 சூன் முதல் நாளோடு முடிந்தது. இரவல் பெட்டகத்தின் விதியை அதன் உடையவரே வகுப்பர்.

ஆகவே மாணவர்களே, மூன்று செய்யுங்கள். மாதம் ஒருமுறை அமர்ந்து, வந்து குவிந்த காலை வணக்கப் படங்களையும், ஒரே காட்சியை எட்டு முறை எடுத்த படங்களையும் நீக்குங்கள். எஞ்சியவற்றைக் கைபேசிக்கு வெளியே வன்தட்டிலோ கணினியிலோ ஒரு படி எடுத்து, இயலுமாயின் வேறொரு வீட்டிலும் ஒரு படி வையுங்கள். வீட்டின் முதியோரை அருகில் அமர்த்தி, பழைய படங்களில் இருப்போர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டு எழுதி வையுங்கள். பெயரில்லாத படம் இரண்டு தலைமுறையில் யாருக்கும் உரியதன்றிப் போகும். கூடுதல் ஜிகாபைட்டுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை இரண்டாம் படிக்குச் செலவிடுவதே அறிவுடைமை. இன்று மாலையே உங்கள் கைபேசியைத் திறந்து, இழக்கவொண்ணாத பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்துப் படி எடுங்கள்.