ஒரு மணி நேரம் கரண்டு, ஒரு மணி நேரம் யூபிஎஸ்

2012-ல கோயமுத்தூர்ப் பக்கம் இருந்தவங்க யாரைக் கேட்டாலும் அந்தச் சத்தத்தை மறந்திருக்க மாட்டாங்க. 'டக்'குனு ஒரு ரிலே சத்தம். ஃபேன்ல லேசா ஒரு ரீங்காரம். யூபிஎஸ் ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம். ஆனா அந்த வருசம் ஐப்பசி வாக்குல எங்க வீட்ல 'டக்' கேட்ட பத்தாவது நிமிசமே 'பீப் பீப்'னு கத்திட்டு எல்லாம் இருட்டாயிரும். பேட்டரி வாங்கி ஒன்றரை வருசம்கூட ஆகலை. கடைக்காரர் ஏமாத்திட்டார்னு திட்டாத நாளில்லை.

பாவம், அவர் மேல தப்பில்லீங்க. அது பின்னாடிதான் புரிஞ்சுது.

கொஞ்சம் பழைய கதை. 1888-ல இங்கே ஸ்டேன்ஸ் மில் வந்தப்போ நீராவியை நம்பித்தான் மில்லு. 1930களின் தொடக்கத்தில் நீலகிரியில பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்ச பிறகுதான் ஊரோட தலையெழுத்தே மாறிச்சு. அந்தப் பத்தாண்டில் மில்லுக மளமளன்னு பெருகிச்சு, தோட்டத்துக் கிணத்துக்கு மோட்டார் வந்துச்சு, அந்த மோட்டாரைச் செய்யப் பட்டறைக வந்துச்சு. மழை பொய்ச்சாலும் பொழைச்சுக்கற ஊரு இது. கரண்டு பொய்ச்சா?

அந்தக் கேள்விக்குப் பதில் 2008-ல் ஆரம்பிச்சது. அந்த நவம்பர்ல உயர் அழுத்த மின்சாரம் வாங்கற ஆலைகளுக்கு 40 சதவீத வெட்டு. 2012 பிப்ரவரியில் சென்னைக்கு 2 மணி நேரம், மத்த மாவட்டங்களுக்கு 4 மணி நேரம்னு அறிவிப்பு. அறிவிப்புதான் 4. காத்து சீசன் முடிஞ்ச அக்டோபர், நவம்பர்ல ஒரு நாளைக்கு 14 மணி நேரம், சில ஊர்ல 16 மணி நேரம்கூடப் போச்சு. பல்லடம், உடுமலைப் பக்கம் வரிசையா நிக்குற காத்தாடிக எல்லாம் சும்மா வேடிக்கை பாத்துட்டு நின்னுச்சு.

இங்கேதான் யூபிஎஸ் விசயம். கரண்டு எத்தனை மணி நேரம் போச்சுங்கறது மட்டும் கணக்கில்லை, எப்படிப் போச்சுங்கறதுதான் கணக்கு. எங்க வீட்ல 150 ஏஎச் பேட்டரி ஒண்ணு. 2 ஃபேன், 2 டியூப்லைட், ஒரு கம்ப்யூட்டர், சுமாரா 300 வாட். இன்வெர்ட்டர்ல வீணாகிறதையும் சேத்தா 12 வோல்ட் பேட்டரியில இருந்து 30 ஆம்பியர் பக்கம் உறிஞ்சும். ஒரு மணி நேரம் கட்டுன்னா 30 ஏஎச் காலி. கரண்டு வந்ததும் சார்ஜர் திருப்பி ஏத்தறது 15 ஆம்பியர், அதிலும் கொஞ்சம் சூடாப் போயிரும். 13-ன்னு வெச்சுக்கங்க. ஆக ஒவ்வொரு சுத்துக்கும் 17 ஏஎச் கடன். காலைல நெறஞ்ச பேட்டரியோட ஆரம்பிச்சாலும் எட்டாவது சுத்து தாண்டாது. இதே பேட்டரி, தினமும் ஒரே மூச்சா 3 மணி நேரம் போய் மிச்சம் 21 மணி நேரம் கரண்டு இருந்தா ஜம்முனு தாங்கும். நமக்கு வந்ததோ ஒரு மணி நேரம் இருக்கு, ஒரு மணி நேரம் இல்லை.

அந்த இருக்கிற ஒரு மணி நேரமும் முழுசாக் கிடைக்காது. கரண்டு வந்ததும் ஊரே மோட்டார் போடும், மாவாட்டும், எல்லா வீட்டு பேட்டரியும் ஒரே சமயத்துல சார்ஜ் ஏறும். வோல்டேஜ் 170-க்கு இறங்கும். கம்ப்யூட்டருக்காக 'யூபிஎஸ்' பக்கம் ஸ்விட்ச் வெச்சிருந்தா 180-க்குக் கீழே வர்ற கரண்டை அது கரண்டாவே மதிக்காது. தெருவுல லைட் எரியும், நம்ம வீடு பேட்டரியில ஓடும்! 'இன்வெர்ட்டர்' பக்கம் மாத்தினா வாங்கிக்கும், ஆனா சார்ஜ் ஆமை வேகம். சின்ன ஜெனரேட்டர் வெச்ச ஆபீஸ்லயும் இதே கூத்துதான். ஜெனரேட்டரோட அலைவரிசை ஆடினா யூபிஎஸ் அதை ஒத்துக்காம பேட்டரியைத் தின்னுட்டிருக்கும்.

அரைகுறை சார்ஜிலேயே மாசக்கணக்கில் கிடந்தா தகட்டுல ஈய சல்பேட் கெட்டியாப் படிஞ்சிரும். அப்புறம் டிஸ்டில்டு வாட்டர் ஊத்தினாலும் ஒண்ணும் ஆகாது. எங்க பேட்டரி செத்தது இப்படித்தான்.

வீட்டுக்காவது இப்படி ஒண்ணு இருந்துச்சு. பட்டறைக்கு? கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் போனீங்கன்னா சந்துக்குச் சந்து லேத்து. 3 எச்பி திரீ பேஸ் மோட்டார், கிளம்பும்போது அஞ்சாறு மடங்கு கரண்டு இழுக்கும். வீட்டு யூபிஎஸ் அதுக்குக் கிட்டவே போக முடியாது. சிஎன்சி வெச்சவங்க கன்ட்ரோல் பெட்டிக்கு ஆன்லைன் யூபிஎஸ் மாட்டினாங்க. அதுல கரண்டு எப்பவும் இன்வெர்ட்டர் வழியா மாறித்தான் போறதால 'டக்' சத்தமே கிடையாது, ஒரு நொடிகூட இடைவெளி இல்லை. புரோகிராம் தப்பிச்சிரும். ஆனா வெட்டிட்டிருக்கிற நடுவுல ஸ்பிண்டில் நின்னா டூல் உடையும், உருப்படி ரிஜெக்ட்.

எங்க தெருவுல லேத்து வெச்சிருந்த அண்ணன்கிட்ட அப்ப கேட்டேன், "ஏனுங்ண்ணா, பட்டறைக்கும் ஒரு யூபிஎஸ் வெச்சுக்கலாமில்லீங்க?"

"வெச்சா லைட்டுதான் எரியும் தம்பி. அந்த வெளிச்சத்துல லேத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கவா?"

ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்டு வந்தா எந்திரிச்சுப் போய் ஓட்டுவார். அவர்கிட்ட வேலை பாத்த ரெண்டு பசங்களும் பட்டறையிலேயே பாய் விரிச்சுப் படுத்தாங்க. முடியாம கடைசியில கடன் வாங்கி டீசல் ஜெனரேட்டர் போட்டார். யூனிட் 12, 13 ரூபாய்க்கு மேல ஆச்சு. ஜாப் ஒர்க் கூலி மட்டும் பழைய கூலிதான்.

ஒண்ணு சொல்லணும். 2012 ஜூலை 30, 31-ல வட இந்தியாவே இருண்டப்போ நமக்கு ஒண்ணும் ஆகலை. தென்னக கிரிட் அப்போ வடக்கோட முழுசா இணையாததுதான் காரணம். பெருமைப்பட்டோம். ஆனா அதே காரணத்தால வடக்குல மிச்சமிருக்கிற கரண்டைத் தேவையான அளவு வாங்கவும் வழியில்லாமப் போச்சு. 2013 டிசம்பர் 31-ல ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வந்துதான் இணைஞ்சுது. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, அக்டோபர்ல, கூடங்குளம் முதல் அலகு கிரிட்டுக்கு வந்துச்சு. 2014 ஜூன் 1-லிருந்து ஆலைகளுக்கான கட்டுப்பாடு நீங்கிச்சு.

அண்ணன் அந்த மாசமே ராத்திரி ஓட்டறதை நிறுத்திட்டார். ஜெனரேட்டர் கடன் மட்டும் அப்புறமும் ரெண்டு வருசம் ஓடிச்சுங்க.