முரசுக்கு அடியில் ஒரு பலகை

1964இல் பந்திங் பக்கம் கம்போங் சுங்கை லாங்கில் இரண்டு வெண்கல முரசுகள் கிடைத்தன. ஜெஞ்சாரோமிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்விடும் தூரம்தான். ஆனால் எங்கள் ஊரில் கேட்டால், டோங் சென் கோயில் விளக்குத் திருவிழாவைத்தான் சொல்வார்கள்.

மேல்தட்டின் நடுவில் நட்சத்திரம் கொண்ட இவ்வகை முரசுகளுக்கு டோங் சோன் முரசுகள் என்று பெயர். வட வியட்நாமின் சிவப்பாற்றுப் பகுதியில் பிறந்த வேலைப்பாடு. ஜப்பான்காரன் காலத்தில், 1944இல், கிள்ளானிலும் ஒன்று கிடைத்திருக்கிறது.

பார்த்தவுடன் யாரும் கேட்பது, “எவ்ளோ பழசு?” என்றுதான். வெண்கலம் அதற்குப் பதில் சொல்லாது. கார்பன் காலக்கணிப்பு ஒருகாலத்தில் உயிரோடிருந்த மரம், எலும்பு, கரி போன்றவற்றுக்குத்தான். உயிர் போனபின் அவற்றிலுள்ள கார்பன்-14 சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகும். செம்பிலும் வெள்ளீயத்திலும் அந்தக் கடிகாரம் கிடையாது.

நல்லவேளை, சுங்கை லாங் முரசுகளுக்கு அடியில் ஒரு மரப்பலகை இருந்தது. படகின் பாகமாக இருக்கலாம் என்கிறார்கள். கூடவே கண்ணாடி மணிகள். ஆய்வாளர் பீக்கொக் இவற்றையெல்லாம் சேர்த்தே பதிவு செய்தார். பலகையைச் சோதித்ததில் கி.மு. 5ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலம் வந்தது. ஆனால் அது மரம் வளர்ந்த காலம். முரசைப் புதைத்த காலம் அல்ல. பழைய படகிலிருந்து கழற்றிய பலகையாக இருந்தால்? முரசுகள் அதைவிடப் பிந்தியவையாகவும் இருக்கலாம். என்றாலும் அதைத் தூக்கிப் போட்டிருந்தால் இந்தச் சந்தேகம்கூட நமக்கு மிஞ்சியிருக்காது.

பாதுகாப்பதும் லேசில்லை. நான் வேலையில் தினமும் துரு பார்க்கிறவன். வெண்கல நோய் அதைவிடப் பொல்லாதது. உப்பு மண்ணிலிருந்து குளோரைடு உலோகத்துக்குள் ஏறியிருக்கும். ஈரக்காற்று பட்டதும் வெளிர்பச்சைப் பொடி கிளம்பும். சுரண்டினாலும் நிற்காது, உள்ளே அரித்துக்கொண்டே போகும். காற்றின் ஈரப்பதத்தைச் சுமார் 40 சதவிகிதத்துக்குக் கீழே வைக்க வேண்டும். நம்ம ஊர்க் காற்றில் 80 என்பது சாதாரணம். நீரூறிய மரத்துக்கோ நேரெதிர்ப் பிரச்சினை: சும்மா காயவிட்டால் சுருங்கிப் பிளந்துவிடும்.

இப்போது கோல லங்காட் தோட்டங்களில் லயன் வீடுகள் உடைபடும்போது சிலர் அம்மி, பால்வாளி, பித்தளைக் குடம் என்று சேர்த்து வைக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் எந்தத் தோட்டம், யார் வீடு என்று ஒரு துண்டுச்சீட்டுகூட இருப்பதில்லை. மரியாதைக்காகக் குடத்தைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்தும் கொடுக்கிறார்கள். கழுத்தில் வெட்டியிருக்கும் பாட்டியின் பெயர் ஒவ்வொரு தேய்ப்புக்கும் கொஞ்சம் மங்குகிறது.